பன்னிரண்டு மாதமும் ஆடி

பொங்கலுக்கும் நீ வரவில்லை. தீபாவளிக்கு வராதபோது ஷிஃப்ட் என்று சொல்லி உன் அப்பாவைச் சமாளித்துவிட்டேன். பொங்கலன்று எந்தக் கம்பெனியில் ஷிஃப்ட் ஓடுகிறது என்று அவர் திருப்பிக் கேட்கிறார். நீ குடியிருக்கிற இருங்காட்டுக்கோட்டைக்கும் நம் பிள்ளைப்பாக்கத்துக்கும் நடுவில் கடலா இருக்கிறது? பைக்கை முறுக்கினால் அரை மணி நேரம். போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, அதோடு சரி. உன் கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. உன் பெண்டாட்டி வேலை செய்கிற கம்பெனிக்கு நான் போனேன், அவள் ஷிஃப்டை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன், அதனால் அவளுக்கு வரவேண்டிய பர்மனென்ட் தள்ளிப்போனது. சரி, செய்தது நான்தான். அதற்காகப் பெற்றவளிடம் மூன்று மாதமாக வாயைத் திறக்காமல் இருப்பாயா? உன் பக்கம் ஒரு தப்பும் இல்லையா? நேரில் கேட்கலாம் என்றால் நீ இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதை நான் உனக்காக எழுத ஆரம்பிக்கவும் இல்லை. எங்கள் அங்கன்வாடி ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ‘நம் மையங்களில் குழந்தைகள் ஏன் குறைகிறார்கள்’ என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று கேட்டார்கள். உட்கார்ந்தேன். நாலு வரி போவதற்குள் உன்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். கிழித்துப் போட்டு மறுபடி எழுதினால் மறுபடியும் நீதான் வந்து நிற்கிறாய். போடா என்று அப்படியே விட்டுவிட்டேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். உன் பெயரும் இதில் இல்லை, என் பெயரும் இல்லை. உன் மனைவியை மட்டும் சங்கீதா என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரை அவளேதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பிலேயே அழகான பெண்ணின் பெயராம்.

குழந்தைகள் குறைகிறார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பால்வாடிக்கு வேலைக்கு வந்த புதிதில் பாய் போதாமல் கோணிப்பையைப் பிரித்துப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்தேன். இப்போது பாய்களைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருக்கிறேன். இருக்கிற பிள்ளைகளிலும் பாதி, கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்களின் பிள்ளைகள். அதுகள் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் மையத்தை எப்போதோ பக்கத்து ஊரோடு சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். மாதக் கூட்டத்தில் புது அதிகாரி என்னை எழுப்பி நிறுத்தி, ஏன் எண்ணிக்கை குறைகிறது என்று கேட்டார். நான் முழிப்பதைப் பார்த்து அவரே பதிலும் சொன்னார். “இது உங்க தப்பு இல்லம்மா. வளர்ந்த நாடு எல்லாத்துலயும் இப்படித்தான். ஜப்பான், கொரியா எல்லாம் பாருங்க, பள்ளிக்கூடத்தையே மூடுறான்.” எனக்கு வாய் சும்மா இருக்குமா? “சார், எங்க ஊர்ல மழை பேஞ்சா இன்னும் முழங்கால் தண்ணி நிக்குது. நாங்க எப்ப சார் வளர்ந்த நாடு ஆனோம்?” என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த மையத்து டீச்சரை எழுப்பினார்.

ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். உன் அத்தை, “இந்தக் காலத்து பொண்ணுங்களுக்கு சொகம் கேக்குது” என்கிறாள். உன் அப்பா பிராய்லர் கோழியைத் திட்டுகிறார், திட்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வாங்கி வருகிறார். டிவியில் ஒரு டாக்டர், பசங்கள் இறுக்கமான பேண்ட் போடுவதால்தான் என்கிறார். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ரோட்டோரம் பார், கருத்தரிப்பு மையம் என்று எத்தனை போர்டு! நெல் விளைந்த இடமெல்லாம் போர்டு. அதில் சிரிக்கிற குழந்தை ஒன்றாவது நம் ஊர்ப் பிள்ளை ஜாடையில் இருக்கிறதா? பூனைக்கண்ணோடு வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அது உன் அத்தை என் காதில் போட்டது.

உனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் நடக்கிறது. புதிதாகக் கல்யாணமானவர்களை முதல் ஆடியில் பிரித்து வைப்பது நம் வழக்கம். ஆடியில் கரு நின்றால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்பார்கள். உங்கள் முதல் ஆடியில் சங்கீதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. அவள் அம்மாவும் தீப்பெட்டி ஆலை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து அழைக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டோம். அந்த விட்டுப்போன ஆடிதான் குறுக்கே நிற்கிறது, அதைக் கழித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று உன் அத்தை சொன்னாள். நானும், படித்தவள், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் டீச்சர், அதை நம்பினேன். போன ஆடி பிறந்ததும் அவளைப் பையோடு பிள்ளைப்பாக்கத்துக்குக் கூட்டி வந்துவிட்டேன். நீ முனகினாய். அவள் ஒரு வார்த்தை மறுக்காமல் வந்தாள், வரும்போதே சிரித்துக்கொண்டுதான் வந்தாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வாரம் பார்த்தேன். ஒரு வாரம் விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடிக்க ஓடினாள். அடுத்த வாரம் மத்தியானம் போனவள், நாங்கள் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வந்தாள். நின்றபடியே சோறு தின்றாள். நாள் முழுக்க லைனில் நின்ற காலுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க வராதாம். “பாவம்மா நீ, ஆடி முடியட்டும், அவனோட போய் இருக்கலாம்” என்று ஆறுதலாகச் சொன்னேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “என்ன அத்த, ஆடிக்குப் பிரிக்கணும்னு கூட்டிட்டு வந்திருக்கீய. சேர்ந்து இருந்தாத்தான பிரிக்கதுக்கு? அவுக வீட்டுக்கு வரும்போது நான் பஸ்ல போய்க்கிட்டு இருப்பேன். நான் வரும்போது அவுக தூங்கிருப்பாக. வாட்டர் கேன்காரனுக்குக் குடுக்க வேண்டிய சில்லறைய ஃப்ரிட்ஜ் மேல வச்சிட்டுப் போறதுதான் எங்க குடித்தனம். கம்பெனிக்காரன் எங்களுக்குப் பன்னெண்டு மாசமும் ஆடில்லா போட்டு வச்சிருக்கான்!”

அவளோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது. அடப்பாவி, இது தெரியாமல் கோவில் கோவிலாகச் சுற்றியிருக்கிறேனே! விளக்குப் போட்டதென்ன, வேப்ப மரத்தில் தொட்டில் கட்டியதென்ன! நீயாவது ஒரு நாள் வாயைத் திறந்து, “ம்மா, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதே வார லீவுலதான்” என்று சொல்லியிருக்கலாம். நான் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், “பாக்கலாம்மா, பாக்கலாம்மா” என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். சரி, சிக்கல் ஷிஃப்ட்தான், அதை அவிழ்த்தால் முடிந்தது என்று முடிவு செய்தேன். ஆவணி பிறந்ததும், அவள் கம்பெனி இருக்கிற வல்லம் வடகாலுக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பீர்கள் என்று தெரியும்.

எனக்கு என்ன தைரியம் என்றால், சங்கீதா கம்பெனியில் எச்.ஆரில் இருக்கிற தினேஷ் என் பால்வாடிப் பிள்ளை. மூக்கு ஒழுக உட்கார்ந்து, சத்துமாவு உருண்டை இரண்டாவது கேட்டு அழுதவன். கேட்டில் என் பெயரைச் சொன்னதும் அவனே ஓடி வந்தான். “டீச்சர்! இன்னா டீச்சர் இந்தப் பக்கம்?” என்று உள்ளே அழைத்துப் போய் ஏசி ரூமில் உட்கார வைத்தான். கழுத்தில் பட்டை, அதில் போட்டோ, பார்க்கவே பெருமையாக இருந்தது. நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. “தினேசு, என் மருமவ உங்க கம்பெனிலதான் லைன்ல கீது. என் புள்ள ஒரு ஷிஃப்ட்டு, அது ஒரு ஷிஃப்ட்டு. ரெண்டும் மூஞ்சி பாத்துக்கவே நேரம் இல்ல. அப்புறம் எங்கேந்துப்பா புள்ள பொறக்கும்? நீயே சொல்லு. கொஞ்சம் பாத்து ஜெனரல் ஷிஃப்ட்டு போட்டுக் குடு” என்றேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. “சரி டீச்சர், நான் பேசிப் பாக்கறேன். டீ குட்ச்சிட்டு போங்க” என்றான். டீ குடித்தேன். பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி அந்த ரோட்டில் நடந்து வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. ஆயுத பூஜை அன்று லைனில் பர்மனென்ட் ஆகிறவர்களின் பெயரை வாசித்தார்கள். அவளோடு டிரெயினியாகச் சேர்ந்த பெண்கள் எல்லோருடைய பெயரும் வந்தது, அவள் பெயர் வரவில்லை. தினேஷ் பேசத்தான் பேசியிருக்கிறான். எதற்கு ஜெனரல் ஷிஃப்ட் என்று மேனேஜர் கேட்க, அவனும் வெள்ளந்தியாக, “அவங்க வூட்ல கொழந்தைக்குப் பாக்கறாங்க சார்” என்று சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் இந்தத் தடவை வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று பெயரை எடுத்துவிட்டார்கள். அவளிடம் யாரும் வாயால் சொல்லவில்லை. கேண்டீனில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. எல்லோர் கையிலும் பொரியும் சுண்டலும் இருக்க, அவள் பாத்ரூமில் போய் நின்றிருக்கிறாள். அன்று சாயங்காலம் நீ போனில் கத்தினாய். “உன்ன யாரும்மா அங்க போவச் சொன்னது? அது இன்னா உன் பால்வாடியா?” என்று கேட்டுப் போனை வைத்தவன்தான், அதற்குப் பிறகு உன் குரலையே நான் கேட்கவில்லை.

எனக்கு எப்படியடா தெரியும்? என் பால்வாடியில் ஒரு தாய் வந்து, “டீச்சர், புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, கொஞ்சம் பாத்துக்குங்க” என்றால் நான் அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வேன். நான் உண்டு என் வேலை உண்டு என்று இருந்தவள். ஒரு குடும்பத்தில் பிள்ளை பிறக்கப் போகிறது என்பதை ஒரு மனுஷன் கெட்ட செய்தியாகக் குறித்துக்கொள்வான் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த மேனேஜரும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே? அவன் அம்மாவும் இப்படி லைனில் நின்றிருந்து யாராவது அவள் பெயரை எடுத்திருந்தால் அவன் இன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்? தினேஷ் மேலும் கோபம், உன் அத்தை மேலும் கோபம். ஒரு வாரம் பால்வாடியில் உருளைக்கிழங்கை உரித்தேனா, நறுக்கினேனா, குத்தினேனா தெரியாது.

நீ முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வந்தவள் அவள்தான். தன் வார லீவில், தனியாக, பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிற நேரத்தில் பால்வாடிக்கே வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நான் புடவையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவள் சத்தம் போடாமல் உட்கார்ந்து, அழுதுகொண்டிருந்த ஒரு பீகார்ப் பிள்ளையைத் தட்டித் தூங்க வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “அத்த, நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. ஷிஃப்ட் மாத்தணும்னா ஒங்க மகன் கம்பெனிக்குப் போயிருக்கலாம்லா? எதுக்கு என் கம்பெனிக்கு வந்தீய?” சத்தியமாகச் சொல்கிறேன், உன் கம்பெனிக்குப் போகலாம் என்று என் மண்டைக்கு உறைக்கவே இல்லை. உன் கம்பெனி கேட் வழியாகத்தான் வல்லம் ஆட்டோ பிடிக்கப் போனேன். பிள்ளை பெறுவது என்றதும் என் கால் தானாக அவள் வேலை செய்கிற இடத்துக்குப் போனது.

அவள் அதோடு விடவில்லை. “சரி, பிள்ள பொறக்குதுன்னே வைங்க. யாரு பாத்துக்கிடுவா?” என்றாள். நான் இல்லையா, எதற்கு இருக்கிறேன் என்று நெஞ்சில் கை வைத்தேன். “அப்பம் வேலைய விட்டிருவீயளா?” என்று கேட்டாள். கேட்ட வேகத்தில் என் வாயிலிருந்து வந்தது, “நான் எப்பிடிம்மா வேலைய வுட முடியும்?” என்பதுதான். அவள் சிரிக்கவில்லை. “அதான் அத்த, நானும் சொல்லுதேன்” என்று மட்டும் சொன்னாள். பிறகு என் பால்வாடிச் சுவரைக் கையால் காட்டினாள். “இங்க கொண்டாந்து விடலாம்னு பாத்தா, நீங்க கைப்பிள்ளைய எடுக்க மாட்டீய, மூணரைக்குப் பூட்டிருவீய. ஜெனரல் ஷிஃப்ட் கெடைச்சாக்கூட நான் வீடு வந்து சேர ஏழு மணி ஆவும். அம்மாவக் கூப்பிடலாம்னா அவளுக்கு அங்க தீப்பெட்டி ஆலை. ரூம்காரம்மா குடி வைக்கும்போதே சொல்லிட்டாங்க, கைப்பிள்ள அழுதா மத்த ஷிஃப்ட்காரங்க தூக்கம் கெட்டுரும், காலி பண்ணிரணும்னு.” இவ்வளவும் உனக்குத் தெரியும், இல்லையா? தெரிந்துகொண்டே என்னிடம் “பாக்கலாம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

வேலையை எப்படி விட முடியும் என்ற அந்த வார்த்தையை நான் முதல் தடவை சொன்னது 1991இல். நீ பிறந்த வருஷம். ஸ்ரீபெரும்புதூர் முழுக்கப் போலீஸ் ஜீப் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கோடை முடிந்து, ஆவணியில் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில் பிறந்தாய். உன் அக்காவுக்கு மூன்று வயது. எனக்குப் பால்வாடி வேலை கிடைத்து ஒரு வருஷம். இரண்டு போதும் என்று சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் போட்டு எழுதியிருந்த காலம். நர்ஸம்மா சொன்னாள், உன் அப்பாவும் தலையாட்டினார், அங்கேயே ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டேன். கையில் நீ, இன்னொரு கையில் ஆபரேஷனுக்காக அவர்கள் கொடுத்த பச்சை வாளி. எட்டுப் பெற்று ஐந்தை வளர்த்தவள் என் மாமியார். வாளியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. “யாரக் கேட்டுடி ஆபரேசன் பண்ணிக்கினு வந்த? வேலைய வுட்டுட்டு வூட்ல இருந்தா இன்னும் நாலு பெத்துக்கலாம் இல்ல?” என்று தெருவே கூடும்படி கத்தினாள். “நான் எப்படி வேலைய வுட முடியும்?” என்று நானும் கத்தினேன். சாகிற வரைக்கும் அவள் அந்த வாளியில் தண்ணீர் மொள்ளவில்லை. அவளுக்குப் பிள்ளை என்றால் ஏழு வயதில் மாடு ஓட்டும், கழனியில் நாற்று எடுத்துக் கொடுக்கும். எனக்குப் பிள்ளை என்றால் பஸ் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டுக்குமேல் என்னால் ஆகாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன்.

ஆனால் ஒன்று. அந்த மனுஷி என்னைத் திட்டிக்கொண்டே உன்னை இடுப்பில் வைத்திருந்தாள். உனக்குப் பசித்தால் பால்வாடி வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, “இந்தா, உன் புள்ள” என்று நீட்டுவாள். நான் பால் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அதனால்தான் எனக்கு இரண்டாவது முடிந்தது. இதை நான் சொன்னபோது சங்கீதா, “ஒங்களுக்கு ஒங்க மாமியாரு இருந்தாக. எனக்கு என் மாமியாரு வேலைக்குப் போறாகல்லா” என்றாள். குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அந்த அதிகாரி ஜப்பான், கொரியா என்றாரே, அங்கேயும் இதே கதையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கேயும் எவளாவது ஒருத்தி மூன்றரை மணிக்குப் பால்வாடியைப் பூட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளை பெற வேண்டியவள் வேலையில் இருக்கிறாள், பார்த்துக்கொள்ள வேண்டியவளும் வேலையில் இருக்கிறாள், பெற்றுக்கொள் பெற்றுக்கொள் என்று கேட்கிற வாய்கள் மட்டும் ஊர் முழுக்க ஓய்வாக இருக்கின்றன. அதில் பெரிய வாய் என்னுடையது.

அடுத்து நான் செய்தது உனக்குத் தெரியாது. சங்கீதா உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், இப்போது சொல்லலாம் என்கிறாள். கார்த்திகையில் அவளும் நானும் சேர்ந்து மறுபடி அந்தக் கம்பெனிக்குப் போனோம். கத்தாதே, முழுக்கப் படி. அவள்தான் என்னைக் கூட்டிப் போனாள். நான் கெடுத்ததை நான்தான் சரிசெய்ய முடியும், அவள் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றாள். அதே ஏசி ரூம். இந்தத் தடவை தினேஷோடு அந்த மேனேஜரும் இருந்தார். உன் வயதுகூட இருக்காது. நான் எழுந்து நின்று சொன்னேன். “சார், அன்னிக்கு நான் தெரியாம பேசிட்டேன். எங்க வூட்ல இப்ப கொழந்தைக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. எனக்குப் பேரப்புள்ள வேணாம் சார். பொண்ணு வேலையப் பாக்கட்டும்.” இரண்டு வருஷம் வேப்ப மரத்தில் தொட்டில் கட்டினவள் சொன்னேன். தினேஷ் தலையைத் தூக்கவில்லை. மேனேஜர், “ஓகேம்மா, நோட் பண்ணிக்கறேன்” என்றார். அவ்வளவுதான், அரை நிமிஷ வேலை. 1991இல் வேண்டாம் என்று சொன்னபோது மனதாரச் சொன்னேன், வாளியை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இந்தத் தடவை கேட் தாண்டியதும் ஆட்டோ வருகிற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். சங்கீதா என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆட்டோ ஏறும்வரை விடவில்லை.

போன வாரம் அவளுக்கு ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. உனக்கு அனுப்பியிருப்பாளே, நீ கட்டைவிரல் படம் ஒன்று போட்டாயாம். அடேய், அவள் உன் பெண்டாட்டியடா, உன் லைன் சூப்பர்வைசர் இல்லை. இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். ஷிஃப்டை மாற்றக் கேட்டு நான் போனது தப்பு, சரி. நீ ஒரு நாளாவது போய்க் கேட்டாயா? யாரு பார்த்துக்குவா என்று அவள் கேட்டபோது, கொஞ்ச நாள் நான் இருக்கிறேன் என்று ஒரு பேச்சுக்காவது சொன்னாயா? அவள் என்னைக் கேட்டாள், தன் அம்மாவை நினைத்துப் பார்த்தாள், வீட்டுக்காரம்மாவை நினைத்துப் பார்த்தாள். அந்த வரிசையில் உன் பெயர் வரவே இல்லை, அதுகூட உனக்கு உறைக்கவில்லை. நான் வேலையை விடமாட்டேன், நேராகவே சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம் இருக்கிறது. அதுவரை அந்தப் பாய்களை என்னால் முடிந்தமட்டும் விரித்துத்தான் வைத்திருப்பேன். நீ உன் சூப்பர்வைசரிடம் போ. என் மனைவி ஷிஃப்டிலேயே எனக்கும் போடுங்கள், வீட்டில் குழந்தைக்குப் பார்க்கிறோம் என்று சத்தமாகச் சொல். உன் பெயரை எதிலிருந்தாவது எடுக்கிறார்களா பார். எடுக்க மாட்டார்கள். தோளில் தட்டி, ஸ்வீட் எப்போ என்று கேட்பார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் கோபப்படு.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, இங்கே வருகிறாள். நீயும் வா. வஞ்சிரம் கிடைத்தால் குழம்பு, இல்லாவிட்டால் உன் அப்பா திட்டுகிற அந்தக் கோழி. பிள்ளையைப் பற்றி நான் கேட்க மாட்டேன். உன் அத்தை கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். என் வாய் தவறி ஏதாவது வந்துவிட்டால், சாப்பிட்டுவிட்டு எழுந்து போ. சாப்பிடாமல் போகாதே.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அன்று கம்பெனியிலிருந்து திரும்பும்போது எல்லையம்மன் கோவிலடியில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். நடை திறந்திருந்தது. அவளும் என்னோடு இறங்கினாள். அம்மனுக்கு முன்னால் நின்று மனதுக்குள் சொன்னேன், “தாயே, அந்த ரூம்ல நான் சொன்னது கம்பெனிக்கு. அத நீ எடுத்துக்காத.” கண்ணைத் திறந்து பார்த்தால், பக்கத்தில் சங்கீதா இன்னும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்தது. வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்காமல் எனக்கு இருக்க முடியுமா என்று நீ சிரிப்பாய். இன்றுவரை கேட்கவில்லையடா.

உன் அம்மா